தாடைக்குள் கட்டி, உள்ளங்கையில் குழி: கோர்லின் சிண்ட்ரோம் பற்றி ஓர் எளிய விளக்கம்

தகப்பனுக்கு மூக்கின் ஓரத்தில் ஒரு கட்டி வெட்டியெடுத்தது ஊருக்குத் தெரியும். சில வருடம் கழித்து மகனுக்குக் கொடுப்பு வீங்கி பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் என்று கேள்விப்பட்டால் போதும். திருகோணமலை உவர்மலையில் தொடங்கும் கதை பாலையூற்றைத் தொடும்போது "அந்தக் குடும்பத்துக்கே கான்சராம், பெண் எடுக்க வேண்டாம்" என்று ஆகிவிடும். வெற்றிலை போட்டதால் வந்தது என்பார் ஒருவர். சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததன் பலன் என்பார் இன்னொருவர். நாகதோஷம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்படியெல்லாம் கதை கட்டப்படும் ஓர் அரிய பரம்பரை வருத்தம்தான் கோர்லின் சிண்ட்ரோம். மருத்துவ அறிக்கைகளில் இதை 'நிவாய்ட் பேசல் செல் கார்சினோமா சிண்ட்ரோம்' என்றும் எழுதுவார்கள். பெயரிலேயே புற்றுநோய் இருப்பதால் கேட்டவுடன் பயம் வருவது இயல்பு. ஆனால் இந்தக் குடும்பங்களில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது புற்றுநோய் அல்ல. கட்டிகள் உருவாவதைத் தடுக்கும் ஒரு காவலில் பாதி குறைந்திருப்பதுதான் பரம்பரையாக வருகிறது. இந்த வேறுபாடு விளங்கிவிட்டால், எந்த வயதில் எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதும் விளங்கிவிடும்.

## ஒரே வருத்தம், பல கிளினிக்குகள்

1960-ல் அமெரிக்காவில் ரொபர்ட் கோர்லின், ரொபர்ட் கோல்ட்ஸ் என்ற இருவர் சேர்ந்து இந்த வருத்தத்தை முழு வடிவில் விவரித்தார்கள். கோர்லின் வாய், பல் நோயியல் படித்தவர். கோல்ட்ஸ் தோல் மருத்துவர். பல்லைப் பார்ப்பவரும் தோலைப் பார்ப்பவரும் ஒன்றாக உட்கார்ந்த பிறகுதான் தாடைக் கட்டியும் தோல் கட்டியும் விலா எலும்பின் வித்தியாசமும் ஒரே வருத்தத்தின் பகுதிகள் என்று தெளிவானது. அதற்கு முன்பும் தனித்தனி நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், 1894-லேயே அப்படிப்பட்ட குறிப்புகள் உண்டு.

"இதெல்லாம் இப்போது வந்த வருத்தம், உரமும் ஊசியும் செய்த வேலை" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். பண்டைய எகிப்தின் எலும்புக்கூடுகளில் தாடைக் கட்டிகளின் குழிகளும் இரண்டாகப் பிளந்த விலா எலும்புகளும் சேர்ந்து இருந்ததை 1969-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். உரமும் ஊசியும் வருவதற்கு மிக முன்பே இது மனிதரிடம் இருந்திருக்கிறது.

ஏறக்குறைய 30,000 முதல் 60,000 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கலாம் என்று வெளிநாட்டுக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. 2012 குடிசன மதிப்பில் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம். அதே விகிதம் இங்கேயும் பொருந்தினால் மாவட்டம் முழுவதிலும் ஆறேழு பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை இருப்பார்கள். மூதூரில் ஒருவர், கிண்ணியாவில் ஒருவர், கந்தளாயில் ஒருவர் என்று சிதறி இருப்பார்கள். ஒருவர் பல் கிளினிக்கிலும் இன்னொருவர் தோல் கிளினிக்கிலும் காட்டிக்கொண்டிருப்பார்கள். பல நேரங்களில் இரண்டு கிளினிக்குக்கும் போவது ஒரே ஆளாகவே இருக்கும். ஆனால் இரண்டு கொப்பிகளையும் ஒருவரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

## இரண்டு கயிறும் ஒரு வள்ளமும்

உட்துறைமுகப் பக்கம் கட்டி நிற்கும் வள்ளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வள்ளத்துக்கும் இரண்டு கயிறு. வாடைக்காற்றில் ஒரு கயிறு அறுந்தாலும் மற்றக் கயிறு பிடித்துக்கொள்ளும், வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டும் அறுந்தால்தான் அது இழுபட்டுப் போகும். ஒரே வள்ளத்தின் இரண்டு கயிறும் அறுவது இலகுவில் நடக்கிற காரியம் அல்ல. நீண்ட காலம் எடுக்கும், பெரும்பாலான வள்ளங்களுக்கு நடக்கவே நடக்காது.

உடம்பிலுள்ள கலங்களும் அப்படித்தான். ஒவ்வொரு கலத்திலும் கட்டுப்பாடில்லாத பெருக்கத்தைத் தடுக்கும் பரம்பரை அலகுகள் (மரபணுக்கள்) உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் இருக்கும்: ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தகப்பனிடமிருந்து வந்தது. பொதுவாக எல்லாருக்கும் இரண்டு கயிறுதான். கோர்லின் சிண்ட்ரோம் உள்ளவருக்கு, குறிப்பிட்ட ஓர் அலகின் ஒரு பிரதி பிறக்கும்போதே பழுதாக இருக்கிறது. உடம்பின் எல்லாக் கலங்களுமே ஒற்றைக் கயிற்றில்தான் நிற்கின்றன.

கவனியுங்கள், ஒரு வள்ளமும் இன்னும் இழுபட்டுப் போகவில்லை. பிறந்த பிள்ளைக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் வெயிலோ கதிர்வீச்சோ, கலம் பிரியும்போது தற்செயலாக நேரும் ஒரு பிழையோ ஏதாவது ஒரு கலத்தில் மிச்சக் கயிற்றை அறுத்தால், அந்தக் கலம் கட்டியாக வளரத் தொடங்கும். கோடிக்கணக்கான கலங்கள் இருப்பதால் இது ஒரே இடத்தில் மட்டும் நடப்பதில்லை. மற்றவர்களுக்கு முதுமையில் ஒன்றாக வரும் தோல் கட்டி, இவர்களுக்கு இளமையிலேயே பல இடங்களில் வருவது இதனால்தான். அண்ணனுக்கு ஒரு மாதிரியும் தங்கைக்கு வேறு மாதிரியும் இருப்பதற்கும் இதுவே முக்கிய காரணம். பிறவியில் வந்தது இருவருக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு எந்தக் கலத்தில் எப்போது அறும் என்பது ஆளுக்கு ஆள் வேறு.

## கலத்துக்குள் உண்மையில் நடப்பது

அந்தப் பரம்பரை அலகின் பெயர் பி.டி.சி.எச்-1. 9-ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இந்த வருத்தத்துக்கு இதுவே காரணம் என்று 1996-ல் கண்டுபிடித்தார்கள். (சில குடும்பங்களில் சுஃபு என்ற வேறோர் அலகு பழுதாகியிருக்கும். அதன் முக்கியத்துவம் சிறு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது வரும்.)

பி.டி.சி.எச்-1 உருவாக்கும் புரதம் கலத்தின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கிறது. அருகில் ஸ்மூதென்ட் என்று இன்னொரு புரதம். ஸ்மூதென்ட் விழித்தால் "பெருகு" என்ற கட்டளை கலத்தின் கருவுக்குப் போகும். அதை விழிக்க விடாமல் அமர்த்தி வைப்பதுதான் பி.டி.சி.எச்-1 புரதத்தின் வேலை. ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதம் வெளியிலிருந்து வந்து தொட்டால் மட்டும் அந்தப் பிடி தளரும். ஸ்மூதென்ட் விழிக்கும், கலம் பெருகும். சமிக்ஞை நின்றதும் பிடி மறுபடியும் இறுகும்.

இரண்டு பிரதியும் பழுதானால் அமர்த்தி வைக்க ஆள் இல்லை. ஒரு சமிக்ஞையும் வராமலேயே ஸ்மூதென்ட் விழித்திருக்கும், கலம் பெருகிக்கொண்டே போகும். கட்டி தொடங்குவது இப்படித்தான்.

இந்த ஹெட்ஜ்ஹாக் வழி முதலில் தெரிய வந்தது பழ ஈக்களில். 1980-ல் கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷவுஸும் ஈயின் முட்டைப்புழு எப்படி உருவெடுக்கிறது என்று தேடியபோது அகப்பட்டது. அந்த ஆராய்ச்சிக்காக 1995-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஈயின் உடலை வடிவமைக்கும் அதே வழிதான் தாயின் வயிற்றில் நம் முகம், விலா, விரல், மூளை எல்லாவற்றையும் வடிவமைக்கிறது. கரு வளரும் அந்த வாரங்களில் காவல் புரதத்தின் அளவு பாதியாகக் குறைந்தாலே எலும்புகளின் அமைப்பில் சிறு மாற்றங்கள் வந்துவிடும். அதற்கு இரண்டாவது கயிறு அறுந்திருக்கத் தேவையில்லை.

இதுவரை சொன்னது: இந்த வருத்தத்தின் அடையாளங்கள் இரண்டு வகை. பிறக்கும்போதே உள்ள அமைப்பு மாற்றங்கள் ஒரு வகை. தலை, முகம், விலா எலும்பில் தெரிபவை அவை. மிச்சப் பிரதியும் பழுதான பிறகு வரும் கட்டிகள் மற்ற வகை. இவை தோலில், தாடையில், அரிதாக மூளையில் வரும்.

## தாடை: பெரும்பாலும் முதலில் தெரிவது இங்கேதான்

வெள்ளைத் தோல் உள்ள நாடுகளில் தோல் கட்டிதான் இந்த வருத்தத்தின் முகம். நம்மைப் போன்ற நிறத்தவர்களில் தோல் கட்டிகள் குறைவு, பிந்தியும் வரும். அதனால் நமக்குத் தாடைதான் முக்கியமான அறிகுறி. ஒரு பல் மருத்துவரின் கண்ணுக்கே இந்த வருத்தம் முதலில் படும் வாய்ப்பு அதிகம்.

தாடை எலும்புக்குள் வருவது கெரட்டோசிஸ்ட் எனப்படும் நீர்க்கட்டி. பல் உருவாகும்போது மிஞ்சிப்போன கலங்களிலிருந்து வரும் பை அது, உள்ளே வெள்ளையாய்க் களி போன்ற பொருள் நிறைந்திருக்கும். இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் 10 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம், அதிலும் கடைசிக் கொடுப்புப் பல் பக்கம்.

இதன் கெட்ட குணம், வெளியே புடைக்காமல் எலும்பின் நீளவாக்கில் உள்ளுக்குள்ளேயே வளர்வது. நோவு இருக்காது. கன்னம் வீங்கித் தெரியும்போது உள்ளே பெரிய இடம் குடைந்து போயிருக்கும். அதற்கு முன்பே சில சிறு குறிகள் இருக்கும்: வர வேண்டிய வயதில் ஒரு பல் முளைக்காமல் நிற்கும், நேராக இருந்த பல் சாயும், சூத்தை இல்லாத பல் ஆடும், வாயில் அடிக்கடி ஒரு கெட்ட சுவை ஊறும்.

ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரேயில் இதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நின்றபடி நாடியை ஒரு தாங்கியில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்க, மெஷின் தலையைச் சுற்றி வந்து முழுத் தாடையையும் ஒரே நீளப் படமாக எடுக்கும். பற்கள் வரிசையாக வெள்ளையாய்த் தெரியும். கீழ்த்தாடையின் மூலையில், எலும்பு சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய இடத்தில், மெல்லிய வெள்ளைக் கோட்டால் வட்டமிட்டது போல ஒரு கறுப்பு வெற்றிடம் இருக்கும். முளைக்க வேண்டிய கொடுப்புப் பல் அதன் ஓரத்தில், கீழே எங்கேயோ தள்ளப்பட்டுக் கிடக்கும். அப்புறம் கண்ணை மறுபக்கத்துக்குக் கொண்டுபோனால் அங்கேயும் ஒன்று. மேலே கடைவாய்ப் பக்கம் சின்னதாய் இன்னொன்று. இப்படி ஒன்றுக்கு மேற்பட்டு இருப்பதும், இளவயதில் இருப்பதும்தான் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். தனியாக ஒரு கெரட்டோசிஸ்ட் வந்த பெரியவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கோர்லின் சிண்ட்ரோம் கிடையாது.

ஒப்பரேஷன் செய்து எடுத்தாலும் இது திரும்ப வரும் பழக்கம் உடையது. பையின் சுவர் மிக மெல்லியது, கிழிந்து ஒரு துணுக்கு எலும்பில் ஒட்டி நின்றாலும் அதிலிருந்து மறுபடி வளரும். பக்கத்தில் கண்ணுக்கு எட்டாத சின்னப் பைகளும் இருக்கலாம். "ஒழுங்காக வெட்டவில்லை" என்று மருத்துவரைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் குணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய அறிக்கை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: 2005 முதல் 2017 வரை உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலில் இதைக் 'கெரட்டோசிஸ்டிக் ஓடொன்டோஜெனிக் டியூமர்' என்று எழுதினார்கள். 2017-ல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். அந்தக் கால அறிக்கையில் 'டியூமர்' என்று கண்டு கலங்க வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

வெற்றிலைக் கதைக்கு வருவோம். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய், அதற்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை பெரிய காரணம். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அது வாயின் உட்தோலில், நாக்கில், முரசில் புண்ணாகவோ வெள்ளைப் படையாகவோ தொடங்குவது. எலும்புக்குள்ளிருந்து வளரும் இந்த நீர்க்கட்டிக்கும் வெற்றிலைக்கும் தொடர்பில்லை. வெற்றிலையைத் தொட்டே பார்க்காத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது வரும்.

## உள்ளங்கையில் ஊசிமுனை அளவுக் குழிகள்

இந்த வருத்தத்தில் செலவில்லாமல் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஓர் அடையாளம் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் வரையிலான சிறு குழிகள். தோலின் மேற்படை அந்தப் புள்ளியில் மட்டும் இல்லாமல் போனது போல இருக்கும். விளிம்பு செங்குத்தாக இருக்கும், அடிப்பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். வேலை செய்யும் கைகளில் ஊத்தை சேர்ந்து கரும்புள்ளியாகவும் தெரியலாம். நோவு இல்லை, கடி இல்லை. வயது ஏற ஏற எண்ணிக்கை கூடும்.

சாதாரணமாகப் பார்த்தால் தப்பிப்போகும். ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்துக் கையைப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். தோல் ஊறி வெளுத்து உப்பும்போது குழிகள் மட்டும் அப்படியே நின்று பளிச்சென்று தெரியும். பிறகு கையைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும், நேர் வெளிச்சத்தைவிடப் பக்க வெளிச்சத்தில் நிழல் விழுவதால் இலகு. கரைவலை இழுத்துவிட்டு வருபவர்களின் கை நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறியிருக்கும், அவர்களுக்குப் பேசினும் தேவைப்படாது.

மூன்று குழியோ அதற்கு மேலோ இருந்தால் அது ஒரு முக்கிய அடையாளம் என்பது மருத்துவ வரையறை. ஆனால் கயிறு இழுத்த காய்ப்பு, ஆணி, மரு, வியர்த்த காலில் கிருமியால் வரும் நாற்றமுள்ள குழிகள் இவை எல்லாம் வேறு. குழி தெரிகிறது என்பதற்காக நீங்களே பெயர் சூட்டிவிட வேண்டாம். தாடைக் கட்டி உள்ள ஒருவரின் கையில் குழியும் இருந்தால், அப்போது இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

## தோல்: மச்சம் போல வருவது

இந்த வருத்தத்தில் வரும் தோல் புற்று 'பேசல் செல் கார்சினோமா'. தோலின் மேற்படையில் மிக அடியிலுள்ள கலங்களிலிருந்து வருவது. உலகில் மிக அதிகமாக வரும் தோல் புற்றும் இதுதான், ஆபத்துக் குறைந்ததும் இதுதான். வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் நின்ற இடத்தைத் தின்னும். மூக்கு, கண்ணிமை, காதடி போன்ற இடங்களில் அது பெரிய சேதம்.

வெள்ளைத் தோல் உள்ள கோர்லின் நோயாளிகளில் 40 வயதுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு இது வந்துவிடுகிறது. நம் தோலில் உள்ள கறுப்பு நிறமி வெயிலைத் தடுப்பதால் இங்கே அவ்வளவு இல்லை. நிறமி அதிகமுள்ள தோலில் இந்தக் கட்டியும் பெரும்பாலும் கறுத்தோ கபில நிறமாகவோ இருக்கும். மச்சம் என்று எண்ணி வருடக்கணக்காக விட்டுவிடுவது இதனால்தான். முத்துப் போன்ற மினுக்கத்துடன் மெல்ல வளரும் புள்ளி, லேசாகத் தட்டுப்பட்டாலே இரத்தம் கசிந்து மறுபடி பொருக்கு கட்டும் புண், கழுத்திலும் இமையிலும் புதிதாக வரும் மருக்கள் இவற்றைக் காட்ட வேண்டும்.

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ பகல் முழுக்க வெயிலில் நிற்கும் தொழிலாக இருந்தால், முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் இவர்களுக்கு மருந்து மாதிரி. வெயில் தடுப்புக் கிறீம் வாங்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் துணியே போதிய அளவு காக்கும். காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் இடைப்பட்ட வெயிலைத் தவிர்ப்பது முக்கியம்.

## எலும்பும் தலையும்

பிறக்கும்போதே தலை பெரிதாக இருக்கலாம். குடும்பநல மாது குழந்தையின் தலைச்சுற்றளவை அளந்து பதிவேட்டில் போடும்போது புள்ளி மேல்கோட்டுக்கு மேலே நிற்கும். நெற்றி முன்தள்ளியும், கண்களுக்கு இடையில் தூரம் சற்று அதிகமாகவும் இருக்கும். சிலருக்கு உதடோ அண்ணமோ பிளந்திருக்கும்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் விலா எலும்பின் முனை இரண்டாகப் பிளந்து தெரியலாம். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போது இது முதன்முதலாகக் கண்ணில் படுவதுண்டு. அப்படிப் பிளந்த விலா நல்ல சுகமாக உள்ளவர்களிலும் இருக்கும், அது மட்டும் இருந்தால் ஒன்றுமில்லை. மூளையின் இரு பாதிக்கும் நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிவது இன்னோர் அடையாளம். மற்றவர்களில் அது வயது போன பிறகு காண்பது, இவர்களில் 20 வயதுக்குள்ளேயே தெரியும். பெண்களுக்குச் சூலகத்தில் ஃபைப்ரோமா என்ற தீங்கற்ற கட்டி வரலாம், அது பெரும்பாலும் ஸ்கேனில் தற்செயலாக அகப்படும்.

## சிறு பிள்ளைகளும் கதிர்ச் சிகிச்சையும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மெடுலோபிளாஸ்டோமா என்பது சிறுமூளைப் பகுதியில் பிள்ளைகளுக்கு வரும் புற்று. கோர்லின் சிண்ட்ரோமில் இது வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வயதுக்குள் வரும். பி.டி.சி.எச்-1 பழுதான பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. சுஃபு பழுதானவர்களில் மூன்றில் ஒன்று என்ற அளவுக்கு அதிகம். எந்த அலகு என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்வது இதற்காகத்தான் முக்கியம். காலையில் எழும்பியதும் வாந்தி, நடந்த பிள்ளை தள்ளாடுவது, தலை சட்டென்று பெருப்பது இவை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

சாதாரணமாக இந்தப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை ஒரு வழி. ஆனால் கதிர், கலத்தின் பரம்பரைப் பொருளை உடைப்பதன் மூலம் வேலை செய்வது. ஒற்றைக் கயிற்றில் நிற்கும் கலங்கள் மீது அது விழுந்தால் மிச்சக் கயிறுகளும் கூட்டமாக அறும். கதிர் விழுந்த இடத்தில் சில மாதத்திலிருந்து சில வருடத்துக்குள் நூற்றுக்கணக்கான தோல் கட்டிகள் எழும்பிய பிள்ளைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ஆகவே கோர்லின் சிண்ட்ரோம் உள்ளவருக்கு எந்த வயதிலும், எந்தக் கட்டிக்கும், கதிர்ச் சிகிச்சையை இயன்ற வரை தவிர்க்க வேண்டும் என்பது விதி. வேறு வழியே இல்லாத நேரத்தில் நிபுணர்கள் எடைபோட்டு முடிவு செய்வார்கள். ஆனால் எடைபோடுவதற்கு இந்த வருத்தம் இருப்பது அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும். வாய் திறந்து சொல்லுங்கள்.

இதைக் கேட்டுவிட்டுப் பல் எக்ஸ்ரேக்கே பயந்து ஓடுவதும் பிழை. ஓ.பி.ஜி.யின் கதிர் அளவு மிகச் சிறியது, அதனால் கிடைக்கும் நன்மை பெரியது. சி.டி. ஸ்கேனுக்குப் பதில் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்று கேட்பது மட்டும் நியாயமான கேள்வி.

சுருக்கமாக: தாடையில் இளவயதில் நீர்க்கட்டி, கையில் குழி, இளவயதில் தோல் புற்று, 20 வயதுக்குள் மூளைச் சவ்வில் சுண்ணாம்பு, பிளந்த விலா, பெற்றோர் அல்லது கூடப்பிறந்தவருக்கு இதே வருத்தம் இவை பெரிய அடையாளங்கள். பெரிய தலை, பிளந்த உதடு, சூலகக் கட்டி போன்றவை சிறிய அடையாளங்கள். பெரியதில் இரண்டு, அல்லது பெரியதில் ஒன்றும் சிறியதில் இரண்டும் இருந்தால் கோர்லின் சிண்ட்ரோம் என்று முடிவுக்கு வருவது 1997 முதல் மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றிய முறை. இப்போது மரபணுப் பரிசோதனையும் கைகொடுக்கிறது.

## யாரிடமிருந்து யாருக்கு

மச்சான் மச்சாள் கலியாணத்துக்கும் இந்த வருத்தத்துக்கும் தொடர்பில்லை. சொந்தத்துக்குள் கலியாணம் செய்வது ஆபத்தாவது பின்னிடைவான வருத்தங்களில். அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும் வருத்தங்களில். தலசீமியா அப்படிப்பட்டது. கோர்லின் சிண்ட்ரோம் ஆட்சியான வகை: ஒரு பிரதி பழுதானாலே போதும். அது மச்சாளைக் கட்டினாலும் ஒன்றுதான், கடல் கடந்து போய்க் கலியாணம் செய்தாலும் ஒன்றுதான்.

பழுதான பிரதியைப் பிள்ளை பெறும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 50 வீதம். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இரண்டாவதற்கு வராது என்ற கணக்கு செல்லாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வரும், தாய் வழியிலும் வரும், தகப்பன் வழியிலும் வரும். "அவள் கொண்டு வந்த வருத்தம்" என்று மருமகளைச் சொல்லும் வீடுகளில், மாமனாரின் கையைத் தண்ணீரில் ஊற வைத்துப் பார்த்தால் குழிகள் அங்கே இருக்கலாம். நான்கில் ஒருவர் அளவில் குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. கரு உருவாகும் வேளையில் பரம்பரை அலகில் நேர்ந்த புது மாற்றம், அதாவது விகாரம் அது. அதற்கு ஒருவரும் பொறுப்பல்ல.

## என்ன செய்யலாம், எங்கே தொடங்கலாம்

பழுதான பிரதியைத் திருத்தும் மருந்து இல்லை. ஆனால் வரும் ஒவ்வொரு கட்டியையும் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம், அப்படிப் பிடித்தால் பெரும்பாலானோர் நீண்ட காலம் வாழ்கிறார்கள். பிள்ளைகளுக்கு எட்டு வயதளவில் தொடங்கி வருடம் ஒருமுறை ஓ.பி.ஜி., ஒழுங்கான தோல் பரிசோதனை, குழந்தைப் பருவத்தில் தலைச்சுற்றளவும் இதய ஸ்கேனும் என்பது பொதுவான கண்காணிப்பு. தோல் கட்டிகளை வெட்டியெடுப்பார்கள், மேலோட்டமானவற்றுக்குக் கிறீம்களும் உண்டு.

முற்றிய தோல் கட்டிகளுக்கு விஸ்மோடெகிப் என்ற கப்சூலுக்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விழித்திருக்கும் ஸ்மூதென்ட்டை நேரடியாக அமர்த்தும் மருந்து அது. அதன் வழியைக் காட்டியது ஒரு செடி. 1950-களில் அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் ஒற்றைக் கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினை ஆடுகள் தின்ற ஒரு காட்டுச் செடியிலுள்ள பொருள் ஹெட்ஜ்ஹாக் வழியை அடைத்து முகம் உருவாவதைக் குலைத்தது என்று பின்னால் தெரிந்தது. அதே அடைப்பைக் கட்டியின் மீது திருப்பியதுதான் இந்த மருந்து. கர்ப்பிணிகளுக்கு இது கொடுக்கவே கூடாது என்பதும் அந்த ஆட்டுக்குட்டிகளை நினைத்தால் விளங்கும். தசைப்பிடிப்பு, சுவை இழப்பு, முடி கொட்டுவது என்று பக்கவிளைவுகள் உண்டு, நிறுத்தினால் கட்டிகள் திரும்ப வருவதும் உண்டு.

தாடையில் சந்தேகம் இருந்தால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் பிரிவிலேயே தொடங்கலாம். அங்கிருந்து வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். மரபணு ஆலோசனைக்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகு இருக்கிறது. போகும்போது பழைய எக்ஸ்ரே, ஒப்பரேஷன் அறிக்கை, எல்லா கிளினிக் கொப்பிகளையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். தகப்பனுக்கு வெட்டிய கட்டியின் அறிக்கை வீட்டில் எங்கேயாவது கிடந்தால் அதையும் எடுங்கள்.

குடும்பத்தில் எந்த விகாரம் என்று ஒருவரில் கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களில் அது இருக்கிறதா இல்லையா என்று ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இல்லாத பிள்ளைக்கு வருடாந்த எக்ஸ்ரேயும் தேவையில்லை, வெயிலுக்குத் தனிப் பயமும் தேவையில்லை. அந்தப் பிள்ளை வழியாகப் பேரப்பிள்ளைகளுக்கும் இது போகாது. கலியாணப் பேச்சில் கேள்வி வந்தால் காட்டுவதற்கு அந்தத் தாள் கையில் இருக்கும்.